அத்தை கேட்டுத்தான் எடுப்பார்

போன சனிக்கிழமை சிம்பாங் பூலாய் காலைச் சந்தையில் நமக்குக் கிடைத்த மரியாதையை நீங்கள் யாரும் இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். பென்சன் வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்த கூட்டம் நாம். நம்மில் ஒருவர் கீரை விற்கும் பெண்ணின் மூக்குக்கு நேரே போனை நீட்டினார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். அந்தப் பெண் ஒரு கட்டு கங்கோங் கீரையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, "அங்கிள், கீரை வாங்க வந்தீங்களா, என் மூஞ்சிய வாங்க வந்தீங்களா? கேட்டுட்டு எடுங்கலா!" என்று போட்டாரே ஒரு போடு. சந்தையே திரும்பிப் பார்த்தது. நாமெல்லாம் அவரைத் தெரியாதவர்கள் மாதிரி தக்காளி பொறுக்கினோம்.

அதற்குப் பிறகுதான் நம் வாத்தியார், நம் பிள்ளைகளைவிடச் சின்னவர், வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டார். ஆளைக் கேட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அழுகிறவர்களை எடுக்காதீர்கள் என்று. எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எழுதிக்கொண்டோம். எனக்கு அப்போது என் அத்தை ஞாபகம் வந்தது. அப்பாவின் தங்கை. அவரும் நம்மைப்போலக் கற்றுக்குட்டியாகத்தான் தொடங்கினார், நம்மைவிட மோசமாகத் திட்டு வாங்கினார். நான் பார்த்த மனிதர்களில் கேமராவை அவ்வளவு மரியாதையாகத் தூக்கியவர் வேறு யாரும் இல்லை. அந்த ஒரு வருஷத்துக் கதையை நம் போன் குழுவில் போடுகிறேன். பாதிப் பேர் படிக்காமலே கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போவீர்கள் என்று தெரியும். இந்த ஒரு தடவை முழுக்கப் படியுங்கள்.

எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்தது. இப்போது அங்கே பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. அப்போது எங்கு பார்த்தாலும் ரப்பர் மரம். அப்பா மண்டோர். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அவர் குரல்தான் கேட்கும். அந்தக் குரலுக்குத் தோட்டமே பயப்படும். நானும்தான். அப்பா வீட்டுக்குள் வந்தால் நான் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்துவிடுவேன்.

அத்தை ஈப்போவில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, டாக்டரின் மனைவி தன் பழைய கேமராவை அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சேலையோ பாத்திரமோ கொடுக்காமல் கேமராவை ஏன் கொடுத்தார் என்றால், அத்தை அதைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்திருப்பார். தைப்பூசம் கழிந்த ஒரு மத்தியானம், ஒரு தகரப்பெட்டியோடும் கழுத்தில் தொங்கிய தோல் உறையோடும் அத்தை எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா தோளில் தம்பி. அவனுக்கு மூன்று மாசம் இருக்கும்.

"இது எதுக்கு?" என்று அப்பா உறையைக் காட்டிக் கேட்டார்.

"படம் எடுக்கண்ணே."

"படம் எடுத்து?"

அத்தை உறையை முந்தானையால் துடைத்தார். அப்பாவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. காம்பார் டவுனில் மனைவியை இழந்த ஒருவர், லாரி வைத்திருக்கிறவர், பெண் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தைக்கு அதில் இஷ்டமில்லை. அதைச் சொல்லும் தைரியமும் இல்லை. மறுநாளிலிருந்து புல் வெட்டும் கூட்டத்தோடு காட்டுக்குப் போனார்.

அந்தக் கேமராவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கிற வகை அல்ல அது. நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, மேலே மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். அத்தை ஆளை நடுவில் கொண்டுவர வலப்பக்கம் திரும்புவார், ஆள் இன்னும் தள்ளிப் போய்விடுவார். பாதித் தலை, ஒரு கை, வெறும் வேப்பமரம் என்று முதலில் எதையெதையோ எடுத்திருப்பார். அந்த உறையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. தோலும் கற்பூரமும் கொஞ்சம் டாக்டர் வீட்டு அலமாரியும் கலந்த வாசனை.

முதல் சுருளை வாங்கிப் போட்ட வாரத்திலேயே வம்பு வந்தது. லயத்துக்குப் பின்னால் பொதுக்குழாயடி. வேலை முடிந்து வந்த பெண்கள் கைலியைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு குளிப்பார்கள், துணி அடிப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். சாயங்கால வெயில் தண்ணீரில் பட்டு மின்னியது. அத்தைக்கு அழகாகத் தெரிந்திருக்கிறது. குனிந்தார், எடுத்தார். அடுத்த நிமிஷம் ஒரு வாளித் தண்ணீர் அவர் மேல். அத்தை கேமராவை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்.

வாளியை வீசியது எங்கள் வரிசைக் கடைசி வீட்டு ரப்பர் பால்வெட்டுக்காரம்மா. "யாரைக் கேட்டு எடுத்த? உங்க அண்ணன் மண்டோருன்னா நாங்க குளிக்கிறதையும் கணக்கெடுப்பியா? ஹ்ம்?"

அத்தை ஈரத்தோடு வீட்டுக்கு வந்தார். அம்மா சிரித்தார். அப்பா, "வேணும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அத்தை அதே குழாயடிக்குப் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன். எல்லாரும் இருக்கும்போது கேமராவின் முதுகைத் திறந்தார். சுருளை ஒரு முழம் இரண்டு முழம் என்று இழுத்து வெயிலில் நீட்டினார். "அக்கா, இதுல இனிமே ஒண்ணுமே தெரியாது. வெயில் பட்டா அவ்வளவுதான். தப்பு என் மேலதான், மன்னிச்சுக்குங்க." அந்தச் சுருளில் அவர் எடுத்த எல்லாமே போயிற்று. அத்தை அதற்காக வருந்தின மாதிரியே தெரியவில்லை. சுருளை வாழை நார் மாதிரி மடித்து அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தார்.

பால்வெட்டுக்காரம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் புள்ள, பவுடர் போட்டுக்கிட்டு வந்தா எடுப்பியா?"

அதோடு ஆரம்பித்தது கூத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அத்தை யாரையும் நிற்க வைத்து, திருப்பி, சிரிக்கச் சொல்லி எடுக்கவே மாட்டார். "எப்படி எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்பார். ஒருவருக்குக் கையில் ரேடியோ வேண்டும். தோட்டத்தில் நல்ல ரேடியோ ஒன்றே ஒன்று, பூப்போட்ட உறை தைத்துப் போட்டது. அது வீடு வீடாகப் போய்ப் படத்தில் நின்றது. இன்னொருவர் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கடன் கேட்டார். அப்பா முறைத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். ஒரு பெண் வெயிலே இல்லாத நேரத்தில் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். கிழவர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு, காலில் செருப்போடு, பால் வெட்டும் கத்தியை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றார். வேலைக்குப் போகும் உடுப்பில் எடுத்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்று அத்தைக்குத் தோன்றியிருக்கும். சொல்லவில்லை. தொரையின் விருந்தாளிகள் ஜீப்பை விட்டு இறங்காமலே, ரப்பர் பால் ஒட்டிய கிழிசலோடு அந்தக் கிழவரைப் பலமுறை படம் எடுத்துக்கொண்டு போனவர்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

அத்தைக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. படம் கழுவி வந்ததும் உரியவர் வீட்டுக்கு நடந்தே போவார், வாசலில் செருப்பைக் கழற்றுவார், படத்தைக் கவிழ்த்துக் கொடுப்பார். ஆள் பார்ப்பதற்கு முன்னால் ஊர் பார்க்கக்கூடாது என்பது அவராகவே வைத்துக்கொண்ட சட்டம். நான் எட்டிப் பார்த்தால் தலையில் ஒரு குட்டு விழும். இப்போது நாம் ஒரு பிறந்தநாள் விருந்தில் வாயைத் திறந்து கேக் தின்னும் படத்தை எல்லாம் உடனே நூறு பேருக்கு அனுப்புகிறோமே, அப்போதெல்லாம் என் தலையில் அந்தக் குட்டு விழுவதாகவே நினைத்துக்கொள்வேன்.

படம் கழுவிக் கொடுத்தது சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு சீனரின் ஸ்டூடியோ. முதலாளியை எல்லாரும் தவுக்கே என்போம். அவர் அத்தையின் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்: "அம்மோய், இந்தப் பொம்பள எல்லாம் எப்படி நேரா பாக்குது? நான் எடுத்தா எல்லாம் தரைய பாக்குதுலா." பிறகு கடைசியில் விஷயத்துக்கு வந்தார். தமிழ்ப் பெண்களைப் படம் எடுக்க அவருக்கு ஒரு பெண் ஆள் வேண்டும். ஆனால் கடைக்கு முன்னால் கண்ணாடிக்குள் மாட்டி வைக்கிற மாதிரி ஒரு படம் முதலில் கொண்டு வர வேண்டும். தெருவில் போகிறவன் நின்று பார்க்க வேண்டும். "அப்படி ஒண்ணு கொண்டா. வேலை உனக்கு."

அப்பாவிடம் சொன்னோம். "தீபாவளி வரைக்கும் பாக்கலாம். வேலை கெடச்சா சரி. கெடைக்கலன்னா காம்பாருக்குச் சரின்னு சொல்லிருவேன். அப்புறம் அழக்கூடாது."

அத்தை அன்றைக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இனித் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பி ஏணைத் தொட்டிலில் கிடந்து காலை உதைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியிருந்தான். அத்தை ஒரு நாள் ஏணைத் துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவைக் கேட்டார். "அண்ணே, இவன ஒண்ணு எடுத்துக்கட்டா?"

"வேணாம். கைக்குழந்தைய எடுத்தா ஆயுசு கொறையும். ஒரு வயசு ஆவட்டும், மொட்டை போட்டுட்டு எடுக்கலாம்."

அப்பா மட்டும் அல்ல, தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். அத்தை "சரிண்ணே" என்று ஏணையை மூடிவிட்டார்.

சித்திரை மழையில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். பிறகு துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மழையில் பாதை முழுகி டவுனுக்கு பஸ் இல்லை. அத்தையின் கேமராவில் சுருள் இல்லை. அப்பாவே குழி வெட்டினார். அவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. மறுநாள் விடியுமுன் பெரட்டில் அவர் குரல் வழக்கம்போலக் கேட்டது. "கல்லுலா அந்த ஆளு" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பேன், அந்த ஆடி மாசம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

அம்மாவுக்குத் தம்பியின் முகம் மறக்க ஆரம்பித்தது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "அவனுக்குக் கன்னத்துல குழி விழும்ல? எந்தக் கன்னம்?" எனக்கும் தெரியவில்லை. பக்கத்தில் அத்தை இருந்தார். அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"ஊர்ல இருக்குற எல்லார்கிட்டயும் கேட்டுக் கேட்டு எடுக்குறியே. என் புள்ளைய மட்டும் கேக்காம ஒண்ணு எடுத்திருக்கக் கூடாதா?"

அம்மா கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அத்தையால் அதைத் தாங்க முடியவில்லை. ஆடி வரைக்கும் அவர் உறையைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த ஆட்களை எல்லாம் பிறகு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. தவுக்கே ஆள் விட்டுக் கேட்டார். அப்பா காம்பாருக்கு ஒரு தடவை போய்விட்டு வந்தார்.

ஆடித் திருவிழா தோட்டத்து மாரியம்மன் கோயிலில். பூசாரி வீட்டுக்கு வந்து, சாமி ஊர்வலத்தை மட்டுமாவது எடுத்துக் கொடும்மா என்று கெஞ்சியதால் அத்தை கேமராவை எடுத்துக்கொண்டார். உறுமி மேளம், சாம்பிராணி, மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. அம்மா பால்குடம் எடுத்திருந்தார். அம்மாவுக்கு வருஷா வருஷம் சாமி வரும். வீட்டில் ஒரு வார்த்தை உரக்கப் பேசாதவர், அன்றைக்கு மட்டும் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆபீஸ் கிராணியைக்கூட 'டா' போட்டுக் கேள்வி கேட்பார். அது சாமி கேட்பது, அம்மா அல்ல. பிறகு அம்மாவுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது.

எங்கள் தோட்டத்தில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. சாமி வந்தவர் முன்னால் என்ன நடந்தாலும், யார் அழுதாலும், யார் எதை ஒப்புக்கொண்டாலும், மறுநாள் அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். குழாயடியில் அவ்வளவு வம்பு பேசுகிற வாய்கள் அந்த ஒரு விஷயத்தில் பூட்டிக்கொள்ளும்.

அன்று அம்மா ஆடிக்கொண்டே வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றார். அப்பா திருநீறு வாங்க முழங்கால் போட்டுக் கையை ஏந்தினார். அம்மா திருநீறு போடவில்லை.

"என் புள்ள மூஞ்சி எங்கடா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கடா வெச்சிருக்க என் புள்ள மூஞ்சிய? எடுத்துக் காட்டுடா!"

"என்கிட்ட இல்ல தாயே," என்றார் அப்பா. "என்கிட்ட இல்ல தாயே, என்கிட்ட இல்ல தாயே." பெரட்டில் கேட்கும் குரல் அல்ல அது. ஏந்திய கை ஏந்தியபடி இருக்க, வாய் கோணி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சுற்றி நின்றவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் அத்தை குனிந்திருந்தார். உறுமிச் சத்தத்திலும் அந்தக் கேமராவின் சத்தம் எனக்குக் கேட்டது.

யாரையும் கேட்காமல் எடுத்தார். அம்மா கேட்ட கேள்விதான் அவர் விரலை அழுத்த வைத்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

படம் வாங்க நானும் அத்தையோடு டவுனுக்குப் போனேன். தவுக்கே அதைப் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார். விரித்த முடியோடு அம்மா, பின்னால் புகை, கீழே ஏந்திய கையோடு அப்பா. நான் அதற்குப் பிறகு எத்தனையோ படம் பார்த்துவிட்டேன், ஈப்போவில் கண்காட்சிகள்கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை.

"பாகுஸ்லா! இதுதான், இதுதான்!" தவுக்கே கடையில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டார். "அடுத்த வாரம் கண்ணாடில போடறேன். நீ எப்ப வேலைக்கு வாரே?"

"போடாதீங்க தவுக்கே. கேட்டுட்டு வாரேன்."

"யாரைக் கேக்கணும்? நீ எடுத்த படம்தானே?"

"கேட்டுட்டு வாரேன் தவுக்கே," என்று சொல்லிவிட்டு, அத்தை படத்தையும் நெகட்டிவையும் கையோடு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் அவர் மடியில் அந்தக் கவர் கவிழ்ந்து கிடந்தது.

முதலில் பூசாரியிடம் போனார். பூசாரி படத்தைப் பார்க்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாவுக்கு இதுல ஒண்ணும் கோவம் இல்ல. அது சரி, நான் கரகம் தூக்குனத எடுத்தியே, அது எங்க?" என்றார். அம்மனின் சம்மதம் அவ்வளவு லேசாகக் கிடைத்துவிட்டது.

பிறகு அம்மா. அடுப்படியில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். தன்னை அப்படி அவர் பார்த்ததே இல்லை. "நான் என்னா கேட்டேன் அவர்கிட்ட?"

தோட்டத்தில் யாரும் சொல்லாததை அத்தை சொன்னார். அம்மா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார்.

"அண்ணி, இத வெச்சா எனக்கு வேலை. நீங்க வேணாம்னா வேணாம்."

"என்னைய எடுத்ததுக்கு எனக்கு ஒண்ணும் இல்லமா. நல்லா இரு. தாராளமா வெச்சுக்க." அம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை. "கீழ உக்காந்திருக்கிறாரே, அவர்கிட்ட கேட்டியா?"

அத்தை படத்தை மறுபடி திருப்பிப் பார்த்தார். சாமியைக் கேட்டார், பூசாரியைக் கேட்டார், அண்ணியைக் கேட்டார். படத்தின் கீழ் ஓரத்தில் இருக்கிறவரைக் கேட்க வேண்டும் என்று அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. கேட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவரும் அல்ல. சம்பள வாரத்தில் தோட்டமே சுங்கை சிப்புட் கடைத்தெருவில்தான் நடக்கும். மண்டோர் அழும் படம் கண்ணாடிக்குள் இருந்தால் ஒவ்வொருவரும் நின்று பார்ப்பார்கள். யாரும் பேசக்கூடாத அந்த ஒரு விஷயத்தைப் படம் தினம் தினம் பேசும். மறுநாள் பெரட்டில் அவர் எப்படிக் குரல் எடுப்பார்? அதோடு, அவர் வேண்டாம் என்று சொன்னால் காம்பார் லாரிக்காரர்தான். கேட்காமல் விட்டால் படம் தொங்கும், வேலை கிடைக்கும், அண்ணன் இரண்டு நாள் கத்திவிட்டு அடங்குவார். இதையெல்லாம் அத்தை யோசித்திருப்பார். யோசித்த பிறகும் பின்வாசலுக்குத்தான் போனார்.

அப்பா சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை படத்தைக் கவிழ்த்து நீட்டினார். அப்பா கையைத் துடைத்துவிட்டு வாங்கித் திருப்பினார். கீழ் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது நானா?"

"ஆமாண்ணே. அன்னைக்குக் கேக்காம எடுத்துட்டேன். தவுக்கே கடைல வைக்கணும்ங்கிறாரு. வைக்கட்டா?"

"வேணாம்மா."

"சரிண்ணே."

நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய மனிதர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அந்த 'சரிண்ணே'வைப்போல ஒரு சொல்லைக் கேட்டதில்லை. அதில் கோபம் இல்லை, தயக்கம் இல்லை, இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமும் இல்லை. அத்தை கவரில் இருந்த நெகட்டிவையும் எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அதைக் கொடுத்துவிட்டால் இன்னொரு படம் போடவே முடியாது. கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"நில்லு," என்றார் அப்பா. "ஏன் வேணாம்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா நீங்க சொல்லணும்லண்ணே."

அப்பா எண்ணெய்க் கையால் நெற்றியைத் தேய்த்தார். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அவர் பேச்சுக்குத் தோட்டத்தில் எல்லாரும் பயந்து சரி சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். இப்படி ஒரு சரி அவருக்குப் புதிது.

"கண்ணாடிக்குள்ள வைக்கிறதுக்கு ஒரு படம்தானே வேணும் உனக்கு?"

"ஆமாண்ணே."

"சுருள் இருக்கா?"

"புதுசு ஒண்ணு போட்டிருக்கேண்ணே."

அப்பா உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். வாசலில் கிடந்த பலகை பெஞ்சைத் தூக்கி வெயில் பக்கம் போட்டார். அம்மா முகம் கழுவ வேண்டும் என்றார், சேலை மாற்ற வேண்டும் என்றார். அப்பா கேட்கவில்லை. அவரே பனியனோடு, நெற்றியில் எண்ணெயோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். மறு ஓரத்தில் அம்மா, நடுவில் நான். என் தலையை அப்பா கையால் படிய வாரிவிட்டார். அந்தக் கை என் தலையில் பட்டது அதற்கு முன் எனக்கு ஞாபகமே இல்லை. தவுக்கே பல வருஷம் தன் கடைக் கண்ணாடிக்குள் மாட்டி வைத்திருந்தது இந்தப் படத்தைத்தான். அத்தைக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் இதுதான். உங்களில் சுங்கை சிப்புட்காரர்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவரும் சிரிக்காமல், மூன்று பேரும் நேராகப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அத்தை மூடியைத் திறந்து குனிந்தார். எடுக்கவில்லை. மறுபடி நிமிர்ந்தார்.

அந்தக் காலத்தில் மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் இருப்பவருக்கு ஆகாது என்பார்கள். நம்மவர்களும் அப்படித்தான், சீனர்களும் அப்படித்தான். மூன்று பேராக வந்தால் ஸ்டூடியோவில் யார் மடியிலாவது ஒரு பொம்மையை வைத்து நாலாக்கி எடுப்பார்கள்.

"அண்ணே, மூணு பேரா இருக்கீங்களே. நடுவுல பாப்பா வேற. பக்கத்து வீட்டுப் புள்ளைய கூப்பிடட்டா?"

அம்மாவின் கை மடியில் கிடந்தது. அப்பா என் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி அம்மாவின் தோளைப் பிடித்தார்.

"யாரையும் கூப்பிட வேணாம்," என்றார். "நாங்க நாலு பேரு. எடு."